ஊறல் வீட்டுச் சாத்தையாவின் மகன்

நாணம் நல்லோர்க்குரிய குணம். பழி வருமுன் வந்து கையைப் பற்றித் தடுத்தால் அது காவல்; பழி வந்தபின் வந்து நெஞ்சைச் சுட்டால் அது தண்டம். இவ்விரண்டும் அல்லாமல், பிறந்த வீட்டை நினைத்தே ஒருவன் நாணுவானாயின், அக்குணம் அவனிடத்தில் வழி தவறி நடக்கிறது என்று கொள்ளவேண்டும். வழி தவறிய நாணத்தைப் பள்ளிப் பருவம் முதல் நெஞ்சில் சுமந்து, கடல் கடந்த பிறகும் இறக்கி வைக்காத ஒருவர் ஷார்ஜா தொழிற்பேட்டையில் இருந்தார். அவர் பெயர் மாயாண்டி.

சிவகங்கைச் சீமையில், கண்மாய்க் கரையை ஒட்டிய மாவிலங்கைப்பட்டி அவருடைய ஊர். அவ்வூரில் அவர் பிறந்த வீட்டை ஊறல் வீடு என்பார்கள். வெல்லமும் வேலம்பட்டையும் நீரில் கிடந்து பொங்கிப் புளிக்கும் கலவையே ஊறல். அதைக் காய்ச்சி வடித்தால் சாராயம். நான்கு தலைமுறையாக அந்த வீட்டின் சோறு அந்த அடுப்பிலிருந்து வந்தது.

முதல் தலைமுறைக்கு அது மறைக்க வேண்டிய தொழிலாக இருக்கவில்லை. மாயாண்டியின் பாட்டனைப் பெற்றவர் வெள்ளைக்காரர் ஆட்சியில் ஏலம் கேட்டு உரிமம் பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் புளியந்தோப்பில் கொட்டகை. கொட்டகை வாசலில் அரசாங்க முத்திரை பொறித்த பலகை. உள்ளே, இருவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத செம்பு வடிபானை. கருப்பர் படையலுக்கும், பிணம் சுமப்பவர்களுக்கும், பிள்ளை பெற்றவளின் மருந்துக்கும் சுற்றுவட்டத்து ஊர்கள் அங்கேதான் வந்து நின்றன. பிறகு மதுவிலக்கு வந்தது. பலகை இறங்கியது; பானையை ஜப்தி செய்துகொண்டு போனார்கள். மாயாண்டியின் பாட்டனார் ஒரு கோடை முழுவதும் வெறும் கொட்டகையில் உட்கார்ந்திருந்துவிட்டு, மண்பானை ஒன்றை வாங்கிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போனார். வேறு வேலை அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. அதன்பின் அரசு கடை திறந்த காலமும் உண்டு, அடைத்த காலமும் உண்டு. திறந்தபோது மாயாண்டியின் தந்தை சாத்தையா கடையில் கூலிக்கு நின்றார். அடைத்தபோது காட்டுக்குப் போனார். இடையிடையே சிறைக்கும் போனார்.

சாத்தையாவிடம் ஒரு குணம் இருந்தது. தொழிலைப் பற்றி அவர் எவரிடமும் பொய் சொன்னதில்லை. "என்ன வேலை பாக்குறீரு?" என்று நீதிபதி கேட்டபோதும் "காச்சுறேன் சாமி" என்றே சொன்னார். காவலர் முதல் கல்யாண வீட்டுச் சம்பந்தி வரை, கேட்டவர்க்கெல்லாம் பட்டையின் பக்குவத்தை விரித்துச் சொல்வார். அந்த வெள்ளந்தியான வாய்தான் மகனுக்கு வாழ்நாள் அச்சமாயிற்று.

மாயாண்டி ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள், காவலர்கள் சாத்தையாவின் தலையிலேயே பானையை ஏற்றி, இடுப்பில் கயிறு கட்டிப் பள்ளிக்கூடத்து வழியாக நடத்திச் சென்றார்கள். பிள்ளைகள் சன்னலுக்கு ஓடினார்கள். மாயாண்டி பேனா மூடியைத் தேடுவதுபோல் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டார்.

"டேய், உங்கப்பன்டா! வந்து பாருடா!"

"எங்கப்பா இல்ல" என்றது பெஞ்சுக்கு அடியிலிருந்து வந்த குரல்.

சிறுவன் சொல்லை எவரும் பிழையென்று எண்ணார். ஆயினும் அந்தச் சொல் மாயாண்டியோடு வளர்ந்தது. சாத்தையா, பேத்தி பானுப்பிரியா பிறந்த அன்று, "இனி இந்த வீட்டுக்கு இது வேணாம்" என்று தம் கையாலேயே பானையைப் போட்டு உடைத்தார். மகனுக்கு அதுவும் போதவில்லை. பானை உடைந்தாலும் வீட்டின் பெயர் உடையவில்லையே! அப்பெயர் எட்டாத தொலைவுக்குப் போக வேண்டும் என்றுதான் அவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்.

முதலில் துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் தங்கிக் கட்டட வேலை. வெயிலில் மூக்கில் இரத்தம் வடிந்தது. பிறகு ஷார்ஜாவில் மீரா சாகிப் என்பவரின் ஊறுகாய்க் கம்பெனியில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார். மீரா சாகிப் கீழக்கரைக்காரர், தொழுகை தவறாதவர், வியாபாரத்தில் எடை குறைக்காதவர். விற்காமல் மிஞ்சிய பேரீச்சம்பழத்தைக் காடியாக்கி, அதாவது வினிகராக்கி, அதை ஊறுகாய்க்குப் பயன்படுத்தலாம் என்று அவர் அப்போது முயன்றுகொண்டிருந்தார். தொட்டி தொட்டியாகப் பூசணம் பூத்து வீணாகியிருந்தது.

"காடி வைக்கத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டார் மீரா சாகிப்.

"பரம்பரைத் தொழில் முதலாளி."

"காடியா?"

"ஆமா முதலாளி. வைத்தியசாலைக்குக் காடி வச்சுக் குடுத்த குடும்பம்."

மீரா சாகிப் முகம் மலர்ந்தது. உண்மையில் ஊறல் வீட்டில் காடி என்பது கெட்டுப்போன சரக்கின் பெயர். மூடாமல் விட்ட ஊறலும் காற்றுப்பட்ட கள்ளும் புளித்துக் காடியானால், சாத்தையா தலையில் அடித்துக்கொண்டு தென்னைக்குக் கொட்டுவார். பெண்கள் ஒரு சொம்பு எடுத்து மாங்காயில் ஊற்றி வைப்பார்கள். எதைச் செய்தால் ஊறல் கெடும் என்று அடிபட்டுக் கற்றவர் மாயாண்டி. அதே தவறுகளை ஷார்ஜாவில் வேண்டுமென்றே செய்தார். அருமையான காடி கிடைத்தது.

மீரா சாகிப்பின் மார்க்க வழக்கில் ஒரு கண்டிப்பு உண்டு. பழச்சாறு நடுவில் மதுவின் நிலையைக் கடந்துதான் காடியாகிறது. அது தானாகக் கடக்க வேண்டும், இடையில் எவரும் எதையும் போட்டு அதைத் திருப்பக் கூடாது, நாவில் வைத்துப் பார்க்கவும் கூடாது. காடிக் கொட்டகையின் சாவி மாயாண்டியிடமே இருந்தது. ஆகவே "எதுவும் போடலை, நாக்குல வைக்கலை முதலாளி" என்று அவர் சொல்லும் சொல் ஒன்றுதான் அந்தக் காடிக்கு உறுதி. மாயாண்டி அதில் அணுவளவும் தவறியதில்லை. தொட்டியில் காது வைத்து நுரையின் சத்தம் கேட்பார், முகர்ந்து பார்ப்பார், அவ்வளவே. அந்தக் காடியில் ஒரு புட்டி, வாரம் தவறாமல் மீரா சாகிப்பின் தாயார் ஜுலைஹா பீவியின் சமையலறைக்குப் போயிற்று.

மாயாண்டி மாலையில் டூட்டி முடிந்தால் குளித்து நீறணிந்து, ரூமில் ஒட்டியிருந்த முருகன் படத்தின் முன் பதிகம் பாடுவார். "சாமியாரே, ஊறுகாய்க்கும் சேத்து ஒரு பாட்டுப் பாடுங்க" என்று கேலி செய்வான் அருள்ராஜ். தூத்துக்குடிக்காரனான அவன் புட்டிக்கு மூடி போடும் பிரிவில் வேலை செய்பவன், ஒரே ரூம். அவனுக்கும் மாயாண்டியின் குடும்பம் வைத்தியசாலைக் காடிக் குடும்பம்தான்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, மாம்பழக் காலம். கீழக்கரைக்குப் புறப்படுமுன் மீரா சாகிப் காடிக் கொட்டகைக்கு வந்தார். எல்லாரும் இருந்தார்கள்.

"மாயாண்டி, உங்க ஊரு மானாமதுரைக்குப் பக்கம்தானே? இந்த வாட்டி உங்க வாப்பாவைப் பாத்துட்டு வரப்போறேன். சால்வை ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். இந்தக் கைப்பக்குவத்தைக் குடுத்த மனுசனுக்கு ஒரு ஸலாம் சொல்ல வேணாமா?"

மாயாண்டி துடைத்த தொட்டியையே மறுபடி துடைத்தார். "எதுக்கு முதலாளி உங்களுக்குச் சிரமம்? ரோடு சரியில்லை."

"துபாய் ரோட்டுல ஓட்டி எனக்கும் சலிச்சுப்போச்சு. வர்றேன்னு வீட்டுல சொல்லி வை."

"முதலாளி, திரும்பி வரும்போது அவுக வீட்டுக் காடி ஒரு சொம்பு வாங்கிட்டு வாங்க. ஒரிஜினல் ருசியைப் பாப்போம்" என்றான் அருள்ராஜ். எல்லாரும் சிரித்தார்கள். மாயாண்டியும் சிரித்தார்.

அன்று மாலையே அட்டை வாங்கிக்கொண்டு தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினார். மனைவி சீதாலட்சுமி எடுத்தார்.

"உங்க முதலாளியா? நம்ம வீட்டுக்கா? வரட்டுமே! கோழி அடிச்சுக் கொழம்பு வச்சுப் போடுறேன்."

"நாம அறுத்த கோழியை அவுக திங்க மாட்டாக. நீ அதை விடு. அப்பாவை அன்னிக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பிரு."

"எதுக்கு?"

மாயாண்டி சொன்னார். காடி என்று சொன்னதையும், வைத்தியசாலை என்று சொன்னதையும், அப்பா வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"மாமாவைப் பாக்கத்தானே அவரு வாறாரு? மாமா இல்லாம, வந்து சுவத்தையா பாத்துட்டுப் போவாரு?"

"உங்க பெரியப்பாவை வரச் சொல்லு. வாத்தியாரா இருந்தவுக. பட்டை பட்டையா நீறு பூசி, பேச்சும் நல்லா இருக்கும். அவுகதான் எங்கப்பான்னு..."



"என் பெரியப்பா உங்களுக்கு அப்பாவா? அப்படின்னா நீங்க எனக்கு அண்ணன்முறை ஆயிருவீகளே. தாலியைக் கழட்டிரவா?"

"வெளையாடாத சீதா."

"வெளையாடுறது யாரு? நானா நீங்களா?"

அப்போது அருகில் இன்னொரு குரல் கேட்டது. சாத்தையா அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். "குடு ஆத்தா இங்கிட்டு" என்று வாங்கினார்.

"டேய் மாயா. நான் போயிருறேன்டா. உங்க அக்காளைப் பாத்தும் நாளாச்சு. வாத்தியாரு நல்ல மனுசன், பேசிருவாரு. நீ வெசனப்படாத."

"சரிப்பா" என்றார் மாயாண்டி.  தொலைபேசிக் குழாயை வைத்தபோது தம் முகம் கூண்டின் கண்ணாடியில் தெரிந்தது. அதைப் பார்க்காமல் வெளியே வந்தார். அன்று பதிகம் பாடவில்லை. தொண்டை கட்டியிருப்பதாக அருள்ராஜிடம் சொன்னார்.

மீரா சாகிப் திரும்பி வந்த அன்று காலை யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கு மஸ்கோத்து அல்வா கொடுத்தனுப்பிவிட்டு, மாயாண்டியை மட்டும் காடிக் கொட்டகைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"உங்க வாப்பா பேரு என்ன?"

மாயாண்டி தலை குனிந்தார்.

"கேக்குறேன்ல? பேரு என்ன?"

"சாத்தையா."

"அப்ப நான் சால்வை போத்துனேனே, அது யாருக்கு?"

 மீரா சாகிப் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தார்.

"வாத்தியாரு நல்லாத்தான் பேசுனாரு. காடி எத்தனை வகை, எதுக்கெல்லாம் மருந்துன்னு சொன்னாரு. நான் மனசு நெறைஞ்சு, அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும்னு சொல்லிப் போத்துனேன். உன் சம்சாரம் தலையை நிமித்தவே இல்ல. வெக்கப்படுற பொண்ணுன்னு நெனைச்சேன். திரும்பி வரும்போது கண்மாய்க் கரை பஸ் நிறுத்தத்துல ஒரு பெரியவரு கையை நீட்டிக் காரை நிப்பாட்டுனாரு. 'சார்ஜாக்காரகளா?'ன்னாரு. ஆமான்னேன். 'உங்ககிட்ட எங்க ஊரு மாயாண்டி இருக்கானே, அவனுக்கு வயித்துல புண்ணு. காரம் ஆகாது. ஊறுகாக் கம்பெனின்னா காரந்தானே? கொஞ்சம் மோரு கெடைக்குமா அங்கிட்டு?'ன்னு கேட்டாரு. நீங்க யாருன்னு கேட்டேன். என்னையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறமா, 'ஊர்க்காரன்'னாரு."

மாயாண்டி தொட்டியைப் பிடித்துக்கொண்டார். நீதிபதியின் முன் மறைக்காத வாய். கயிறு கட்டி இழுத்துச் சென்றபோதும் மறைக்காத வாய். அந்த வாய் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய், பெற்ற மகனைப் பெறவில்லை என்பது. அதைச் சொல்லவைத்தது தாம்.

"கார் நகந்ததும், மானாமதுரையில பிடிச்ச வாடகைக் காரு டிரைவர் சிரிக்கிறான். என்னடான்னா, 'அதுதாங்க ஊறல் வீட்டுச் சாத்தையா. நீங்க பாக்கப்போன மாயாண்டியோட அப்பன்'ங்கிறான். எல்லாத்தையும் சொன்னான். வண்டியைத் திருப்பச் சொன்னேன். திரும்பி வந்து பாத்தா ஆளைக் காணோம். பஸ்ஸுல ஏறிட்டாராம்."

"முதலாளி..."

"பேசாத. சாராயம் காய்ச்சுறது எங்களுக்கு ஹராம். அதை நான் நல்லதுன்னு ஒருநாளும் சொல்ல மாட்டேன். அன்னிக்கே நீ சொல்லியிருந்தா, உன்னைக் காடியில விட்டிருப்பேனா, மாட்டேனா, தெரியாது. ஆனா அது உங்க வாப்பா செஞ்சது. இது நீ செஞ்சது. பெத்தவரை ரோட்டுல நிக்க வச்சுட்டு ஊரான் தோளுல சால்வை போத்த வச்சுட்டியேப்பா."

மீரா சாகிப் எழுந்தார். "உன் சொல்லை நம்பித்தான் இந்தக் காடியை எங்க உம்மா வாயில வச்சாக. நீ எதுவும் போடலை, ருசி பாக்கலைன்னு இப்பவும் நான் நம்புறேன். ஆனா நம்புறேன்னு இன்னொருத்தருக்கு என்னால சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. சாவியைக் குடு. நாளையிலிருந்து புட்டி கழுவு. அவ்வளவுதான், ஹலாஸ்."

வேலை போகவில்லை, அது ஒருவகையில் மாயாண்டிக்குக் கடினமாகவே இருந்தது. துரத்தியிருந்தால் தண்டனை முடிந்தது என்று எண்ணியிருக்கலாம். அவர் வைத்த காடி முழுவதையும் மீரா சாகிப் அன்று மாலையே சாக்கடையில் திறந்துவிட்டார். ஷார்ஜா வெயிலில் அந்தப் புளித்த வாடை கம்பெனி முழுவதும் பரவி நின்றது. ஒவ்வொருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். "கெட்டுப்போச்சு" என்றார் மாயாண்டி.

வெள்ளிக்கிழமை ஷார்ஜா கடைவீதியான ரோலாவுக்குப் போனார். விடுமுறை நாளில் தொலைபேசிக் கூண்டுகளின் முன் எப்போதும் கூட்டம். தெலுங்கும் மலையாளமும் வங்காளமும் தமிழும் ஒன்றன்மேல் ஒன்றாக இரைந்தன. அருள்ராஜும் உடன் வந்து பின்னால் நின்றான். மணி அடித்தது. எடுத்தவர் சாத்தையா.

"யாரு, மாயாவா? உங்க மொதலாளி வந்து சேந்தாரா? நான் ஒண்ணும் ஒளறலையேடா? ஊர்க்காரன்னுதான் சொன்னேன்."

மாயாண்டி கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"பஸ்ஸு வரலை, அதான் அங்கன நின்னேன். வேணும்னு நிக்கலை. கார் வந்துச்சு, கண்ணு முன்னால வந்துச்சா, ஒரு வார்த்தை கேட்டுருவோம்னு தோணிப்போச்சு. தப்பாப் போயிருச்சா?"

"எல்லாம் தெரிஞ்சுபோச்சுப்பா."

"ஐயையோ! என்னாலயா? அந்த டிரைவர்ப் பயதான் சொல்லியிருப்பான். வேலைக்கு எதும்..."

"வேலை இருக்குப்பா."

"அப்பாடா. கருப்பா, காப்பாத்துனே."

"நீங்க ஏன்ப்பா ஊர்க்காரன்னு சொன்னீக?" மாயாண்டியின் குரல் அவரையும் மீறி உயர்ந்தது. "என் மகன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் உங்க மகன்தானே? ஊறல் வீட்டுச் சாத்தையா மகன்தானே நான்? சாராயம் காய்ச்சித்தானே என்னைப் படிக்க வச்சீக?"

பக்கத்துக் கூண்டில் பேச்சு நின்றது. அருள்ராஜ் விழித்தபடி நின்றான். வரிசையிலிருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசுடா!" என்று பதறினார் சாத்தையா. "பக்கத்துல எவனாச்சும் தமிழாளு நிப்பான். காதுல விழுந்துரப்போகுது."

"விழட்டும்ப்பா. என்னை மன்னிச்சுருங்க."

"எதுக்குடா மன்னிக்கணும்? பொழைக்கப்போன எடத்துல நாலு பேரு மதிக்கணும்ல? நீ சொன்ன யோசனைதான் சரி. நாந்தான் குறுக்க வந்து கெடுத்துப்புட்டேன். அது கெடக்கட்டும், மோரு கெடைக்குதா அங்கன?"

மன்னிப்பு என்பது, குற்றம் நடந்ததை அறிந்தவர் அளிக்கக்கூடியது. குற்றத்தையே காணாத மனத்திடம் அதை எப்படிப் பெறுவது? மாயாண்டி குழாயைக் காதோடு அழுத்திக்கொண்டு, "கெடைக்குதுப்பா, தினமும் குடிக்கிறேன்" என்றார். அவர் மோர் குடித்து மாதங்களாகியிருந்தன.

ரூமுக்குத் திரும்பும் வழியில் அருள்ராஜ், "அண்ணாச்சி, வைத்தியசாலைன்னு சொன்னது..." என்று தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"பொய்" என்றார் மாயாண்டி. "எங்கப்பா இருக்காரு. சாராயம் காய்ச்சுனவரு. பேரு சாத்தையா."

அதன்பின் அந்தக் கம்பெனியில் யார் கேட்டாலும் அதையே சொன்னார்; சொல்லும்போதெல்லாம் காது மடல் சிவந்தது. வீட்டின் பெயரைச் சொல்வதில் இருந்த கூச்சம் நாளடைவில் தேய்ந்தது. கண்மாய்க் கரையில் நின்ற முதியவரை நினைக்கும்போது வந்த கூச்சம் தேயவில்லை; அது தேயவும் கூடாது. அடுத்த லீவு வரும்வரை அவர் புட்டிகளைக் கழுவினார். மீரா சாகிப் அவரிடம் வேலைப் பேச்சுக்கு மேல் பேசியதில்லை. ஆனால் பகல் சாப்பாட்டு நேரத்தில், யார் சொல்லி வந்தது என்று எவரும் சொல்லாமலே, மாயாண்டியின் தட்டருகே ஒரு டம்ளர் மோர் வந்து இருந்தது.

முதியவர் சாத்தையா நோய் நொடியின்றி நெடிது வாழ்க. அவர் உண்ணும் சோற்றில் மகன் கை பட்ட நெய் விழுக. சீதாலட்சுமியின் அடுப்பு அணையாதிருக்க. பானுப்பிரியா புகும் வீட்டில் அவள் தன் பாட்டன் பெயரை உரக்கச் சொல்லும் பேறு பெறுக. மாவிலங்கைப்பட்டிக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய, அந்தக் குடியின் வயலும் வாசலும் குளிர, எல்லாம் வல்ல இறைவன் அவர்களோடு இருந்து காக்க.